கேட்டலும் நம்புதலும்: தரங்கம்பாடியின் முதல் தலைமுறையில் கீழ்ப்படிதல்

திருமறையில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொற்களை ஆராய்வோர் ஒன்றைக் கவனிக்கத் தவறார். எபிரேய மொழியில் ‘ஷாமா’ என்னும் வினை கேட்டலையும் குறிக்கும், கீழ்ப்படிதலையும் குறிக்கும். கிரேக்கத்தில் ‘ஹுபகொயே’ என்னும் சொல், கேட்டலைக் குறிக்கும் ‘அகூஓ’ என்ற வினையடியினின்று பிறந்தது. இவ்வகையில் நம் தாய்மொழியும் பின்தங்கியதன்று. “பையன் சொன்னபடி கேட்கிறான்” என்று ஒரு தாய் கூறும்போது அவள் தன் மகனுடைய செவிப்புலனைப் பற்றிப் பேசவில்லை என்பதை நாம் யாவரும் அறிவோம். மூன்று மொழிகளும் ஒரே பாதையில் சென்று, கீழ்ப்படிதலின் வேரைச் செவியிலே காண்கின்றன.

பவுலடிகள் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முகப்பிலும் (1:5) முடிவிலும் (16:26) விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் ஒரே தொடரில் பிணைத்து வைத்தார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபமோ (5:8), குமாரனானவரும் பாடுகளின் வாயிலாகவே கீழ்ப்படிதலைக் கற்றார் என்று துணிந்து கூறுகிறது. கற்றுக்கொள்ளப்படுவது எதுவும் ஒரே நாளில் முழுமை பெறுவதில்லை. ஆகவே விசுவாசத்தில் வளர்தல் என்பதும், கேட்கக் கற்றுக்கொள்ளுதலும் ஒரே பயிற்சியின் இரு முகங்கள் எனலாம்.

இதுவரை சொன்னதில் புதுமை ஒன்றும் இல்லை. பிரசங்க பீடத்திலிருந்து நாம் அடிக்கடி சொல்லிவருவதே. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் திருச்சபை வரலாற்று வகுப்பில் இதனைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, கீழ்ப்படி என்று சொல்லுகிறவர் தவறு செய்கிறவராயிருந்தால், நாம் கேட்பது யாருடைய குரல்?” என்று வினவினார். அன்று மணி அடித்துவிட்டது. நமக்கு அது வசதியாகவும் இருந்தது. அவருக்கு அன்று கொடுக்காத விடையைத் தேடியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். விடையை இறையியல் நூல்களில் தேடாமல், நம் மண்ணிலே புராட்டஸ்டண்டு திருச்சபை வேர்கொண்ட முதல் ஆண்டுகளிலே தேடுவோம்.

ஹாலே நகரத்து உண்டியல்

தரங்கம்பாடியின் கதை தரங்கம்பாடியில் தொடங்கவில்லை. ஜெர்மனி நாட்டு ஹாலே நகரத்தின் புறத்தேயுள்ள கிளௌகா என்னும் ஏழைச் சேகரத்தில், ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற குருவானவர் தம் வீட்டில் ஏழைகளுக்கென்று ஓர் உண்டியல் வைத்திருந்தார். 1695ஆம் ஆண்டில் அதில் நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் விழுந்திருக்கக் கண்டு, அதை மூலதனமாகக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியிலிருந்து அனாதை இல்லமும், அச்சகமும், மருந்துச் சாலையும் எழும்பின. பக்திநெறி இயக்கத்தின் மையமாக ஹாலே விளங்கியது.

பிராங்கேயின் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவோர் உண்டியலைப் பற்றிப் பேசுவர். மருந்துச் சாலையைப் பற்றிப் பேசார். உண்மையில் அனாதை இல்லத்தின் செலவுகளில் பெரும்பங்கைச் சுமந்தது அம்மருந்துகளின் விற்பனையே. காலையில் முழங்காலில் நின்று மன்றாடியவர் மாலையில் கணக்குப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். இரண்டுக்குமிடையே முரண்பாடு இருப்பதாக அவர் எண்ணவில்லை. இதனை இங்கே குறித்து வைப்பது அவசியம். பின்னால் இது பெரிய வழக்காகும்.

பர்த்தொலொமேயு சீகன்பால்கு அந்த ஹாலேயில் பயின்றவர். 1682இல் சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, உடல்நலம் குன்றியவராகவே வளர்ந்தவர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக் தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்கு மிஷனெரிகளை அனுப்ப விரும்பி, தம் அரண்மனைக் குருவாகிய லூட்கன்ஸ் வாயிலாக ஆட்களைத் தேடியபோது, சீகன்பால்குவும் அவருடைய தோழர் ஹென்ரி புளூட்சோவும் தெரிந்துகொள்ளப்பட்டனர். 1705 நவம்பரில் கோப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, அம்மாத இறுதியிலேயே சோபியா ஹெட்விக் என்னும் கப்பலில் ஏறினர். 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். சீகன்பால்குவுக்கு அப்பொழுது வயது ஏறத்தாழ இருபத்து நான்கு.

கேட்கக் கற்றவர்

தரங்கம்பாடி, 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியக் கம்பெனி பெற்ற சிறு துறைமுகம். அங்கே கோட்டையின் தலைவராயிருந்த ஹாசியஸ், மிஷனெரிகளை வரவேற்கவில்லை. பட்டணத்து வாயிலில் நெடுநேரம் காத்திருக்க வைக்கப்பட்டனர். மன்னரின் கடிதங்களைக் காட்டியும் பயன் சிறிதே. மன்னர் அனுப்புகிறார், மன்னரின் கம்பெனியோ தடுக்கிறது. கம்பெனியின் இயக்குநர்கள் மிஷனெரிகளுக்கு இடையூறு செய்யுமாறு ஹாசியஸுக்கு மறைமுகக் கட்டளை அனுப்பியிருந்தனர் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். எனவே தரங்கம்பாடியில் கால் வைத்த நாளிலேயே அவர்கள் முன் நின்ற கேள்வி நம் மாணவர் கேட்ட கேள்வியே.

அவர்கள் செய்த முதற்காரியம் பிரசங்கம் அன்று. தமிழ் கற்கத் தொடங்கினர். வயது முதிர்ந்த ஆசிரியர் ஒருவர் தம் திண்ணைப் பள்ளிக்கூடத்தை மிஷனெரிகளின் இல்லத்திற்கே மாற்றிக்கொள்ள, சீகன்பால்கு பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். போர்த்துக்கீசியம் அறிந்த அழகப்பன் என்பவர் மொழிபெயர்ப்பாளராய் உதவினார். ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்தார்; 1708இல் தாம் திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலும் எழுதினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை ஜெர்மன் மொழியில் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். புறமதத்தை ஒழிக்கவே மிஷனெரிகள் அனுப்பப்பட்டனர், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்று கருதி பிராங்கே அதை அச்சிடாமல் வைத்துவிட்டார். 1867இல்தான் அந்நூல் சென்னையில் அச்சேறியது. தம் ஆசானே செவிகொடுக்காத ஓர் உழைப்பு அது. கடவுளுக்குச் செவிசாய்க்கப் பழகியவர் அயலாருக்கும் செவிசாய்ப்பார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை என்றே நாம் கருதுகிறோம். இந்நாள் வரையிலும் நம் குருமடங்களில் இந்தப் பாடம் அரைகுறையாகவே கற்பிக்கப்படுகிறது.

1707 மே 12ஆம் நாள் முதல் ஞானஸ்நானம் நடைபெற்றது. பெற்றோர் ஐவர், ஐவரும் டேனியரின் அடிமைகள். அதே ஆண்டு ஆகஸ்ட் 14இல் ஒரு சிறிய ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டு, எருசலேம் என்று பெயர் பெற்றது.

கைம்பெண்ணின் கடன்

1708 நவம்பரில் நிகழ்ந்ததைச் சற்று நின்று நோக்குவோம். நாவிதர் ஒருவரின் கைம்பெண், தன் கணவருக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஒருவருக்கும் இடையே நின்ற கடன் வழக்கில் நீதி கிடைக்காமல் தவித்தாள். சீகன்பால்கு அவளுக்காகப் பலமுறை பரிந்து பேசினார். டேனிய ஆலயத்திலே ஹாசியஸின் முன் முழங்காற்படியிட்டு முறையிடும்படி அவளுக்கு ஆலோசனையும் கூறினார். இது கலகம் மூட்டும் செயலென்று ஹாசியஸ் கருதி, சீகன்பால்குவைத் தம்மிடம் வருமாறு அழைத்தார். எழுத்து மூலமாக அழைப்பு வந்தாலன்றி வருவதற்கில்லை என்று சீகன்பால்கு தயங்கினார். உடனே கைது செய்யப்பட்டார். கேட்ட கேள்விகளுக்கு விடைகூற மறுத்தார். நவம்பர் 19 முதல் 1709 மார்ச் 26 வரை, நான்கு மாதத்திற்கும் மேலாக, கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்.

இவ்விடத்தில் நம் முன்னோர் எழுதிய ஞாயிறு பள்ளிக் கதைகள் நேராக ‘விசுவாச வீரர் சிறையில்’ என்ற தலைப்புக்குத் தாவிவிடும். நாம் அவ்வளவு விரைவாகச் செல்ல விரும்பவில்லை. சீகன்பால்கு முன்கோபி. அதிகாரிகளிடம் அவர் பேசிய முறையில் எப்பொழுதும் சாந்தம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு பெண்ணை ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக முழங்காற்படியிடச் செய்தது ஞானமான ஆலோசனைதானா என்பதையும் கேட்கலாம். மேலதிகாரங்களுக்குக் கீழ்ப்படிதலைப் பற்றிப் பவுல் எழுதிய பதின்மூன்றாம் அதிகாரத்தை அவர் ஜெர்மன் மொழியில் மட்டுமன்றிக் கிரேக்கத்திலும் வாசித்தவர்.

எனினும் அவர் கேட்டது ஓர் எழுத்துச் சீட்டு மட்டுமே. தன்னிச்சையான அதிகாரம் தன் கட்டளையை எழுத்தில் வைக்க விரும்புவதில்லை. எழுதினால் அதற்கு அதுவே பொறுப்பேற்க வேண்டிவரும். சட்டத்திற்குக் கீழ்ப்படிய ஆயத்தமாயிருந்த மனிதர், ஒரு மனிதனின் சினத்திற்குக் கீழ்ப்படிய மறுத்தார் என்பதே நம் தீர்ப்பு. அந்தப் பெண்ணின் முறையீட்டில் அவர் கேட்ட குரல், கோட்டையிலிருந்து வந்த குரலைவிட மேலானதாக அவருக்குத் தோன்றியது. யாக்கோபு தம் நிருபத்தின் முதல் அதிகாரத்தின் இறுதியில் மாசற்ற பக்தி எதுவென்று வரையறுக்கும்போது விதவைகளைப் பெயரிட்டுச் சொல்லுகிறாரன்றோ?

சிறைக்குச் செல்லுமுன் அக்டோபர் 17ஆம் நாள்தான் அவர் புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தைத் தொடங்கியிருந்தார். ஒரு மாதம் நடந்த வேலை நின்றுபோயிற்று. சிறையில் அவர் இரண்டு நூல்களை எழுதினார்: ஒன்று கடவுளுக்குப் பிரியமான கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியது, மற்றொன்று கடவுளுக்குப் பிரியமான போதகப் பணியைப் பற்றியது. தலைப்புகளைக் கவனியுங்கள். ஹாசியஸைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. வெளிவந்தபின் தமிழாக்கத்தை மீண்டும் கையிலெடுத்து 1711 மார்ச் 31இல் முடித்தார்.

இழப்புகளின் நிரல்

நம்பிக்கையைப் பற்றிப் பேசுவோர் கிடைத்தவற்றையே எண்ணிக் காட்டுவது வழக்கம். தரங்கம்பாடியில் இழந்தவற்றையும் எண்ண வேண்டும். 1708இல் ஐரோப்பாவிலிருந்து வந்த பணம் கரையைத் தொடுமுன் கடலில் அமிழ்ந்தது. இங்கிலாந்தின் எஸ்.பி.சி.கே. சங்கம் 1711இல் அச்சுப்பொறி ஒன்றை அனுப்பியபோது, அக்கப்பல் ரியோ டி ஜனேரோவில் பிரெஞ்சுக் கப்பற்படையிடம் சிக்கியது. பணம் பறிபோயிற்று, பொறி மட்டும் தப்பியது. உடன் வந்த அச்சுத் தொழிலாளி ஜோனஸ் பிங்க் வழியிலேயே நோயுற்று இறந்தார். 1712இல் பொறி தரங்கம்பாடியை அடைந்தபோது அதை இயக்கத் தெரிந்தவர் மிஷனில் ஒருவருமில்லை. கோட்டைப் படையில் இருந்த ஒரு ஜெர்மானியச் சிப்பாய்க்கு அத்தொழில் தெரிந்திருந்தது. ஹாலேயில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அவை மிகப் பெரியனவாயிருந்தமையால் தாள் போதவில்லை. சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்க்க வேண்டியதாயிற்று. பொறையாற்றில் காகித ஆலையும் தொடங்கினர். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறின.

1714 அச்சுப்பிரதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அதற்கு மீண்டும் வருவோம்.

கோப்பன்ஹேகனிலிருந்து வந்த கடிதம்

சீகன்பால்கு 1714 இறுதியில் ஐரோப்பாவுக்குச் சென்று, 1716இல் தம் மனைவி மரியா டொரொத்தேயாவுடன் திரும்பினார். 1718 அக்டோபர் 11இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இன்றும் தரங்கம்பாடி செல்வோர் காணும் ஆலயம் அதுவே. பணி செழித்ததாகத் தோன்றிய அவ்வேளையிலேயே அடி விழுந்தது. இம்முறை அடித்தது ஹாசியஸ் அன்று.

1714இல் கோப்பன்ஹேகனில் அமைக்கப்பட்ட மிஷன் குழுவுக்குக் கிறிஸ்தியான் வெண்ட் என்பவர் செயலராயிருந்தார். இவர் பக்தியற்றவர் அல்லர், பக்தி மிகுந்தவரே. மிஷனெரிகள் அப்போஸ்தலரைப்போல் பையும் பணமும் இன்றி ஊர் ஊராய்ச் செல்ல வேண்டும், ஆலயங்களும் பள்ளிகளும் வீடுகளும் கட்டி ஓரிடத்தில் தங்கக்கூடாது, மனம் திரும்பியவர்கள் தங்கள் சபைகளைத் தாங்களே தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தரங்கம்பாடியின் ஆலயமும் பள்ளியும் அச்சகமும் அவருக்கு அவிசுவாசத்தின் அடையாளங்களாகத் தோன்றின. கடுமையான கண்டனக் கடிதங்கள் வந்தன. ஏற்கெனவே நோயுற்றிருந்த சீகன்பால்குவை அக்கடிதங்கள் நொறுக்கின. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் அவர் மரித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரையிலும் தமிழாக்கம் நிறைவேறியிருந்தது. பதிலெழுதும் பாரத்தைச் சுமந்த அவருடைய தோழர் கிரண்ட்லரும் 1720 மார்ச் 19இல் காலமானார்.

வெண்ட் கூறியதை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது என்பதே இதில் நம்மை வருத்தும் செய்தி. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் 1912இல் ரோலண்ட் அலன் என்பவர் பவுலின் முறைகளையும் நவீன மிஷன் முறைகளையும் ஒப்பிட்டு எழுதிய நூலில் இதே கருத்துகளில் பல இடம்பெற்றன. நாம் அதைப் பாராட்டிப் படித்தோம், மாணவருக்கும் படிக்கக் கொடுத்தோம். தமிழகத்திலேயே அவ்வழியில் நடந்து காட்டியவர் உண்டு. திருநெல்வேலியில் ரேனியஸ் ஐயரிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867), அந்தோனி நோரிஸ் குரோவ்ஸின் தொடர்பால், எந்தச் சங்கத்தின் சம்பளத்தையும் பெறாமல் கடவுளை மட்டும் சார்ந்து ஊழியம் செய்யத் தீர்மானித்து, 1840இல் கிறிஸ்தியான்பேட்டையை அமைத்தார். குரோவ்ஸின் மைத்துனரான ஜார்ஜ் முல்லரோ ஹாலேயில் மாணவராயிருந்து பிராங்கேயின் அனாதை இல்லத்தைக் கண்டவர். ஆக, ஹாலேயின் உண்டியல் ஒரு பக்கம் தரங்கம்பாடியின் அச்சகத்திற்கும், மறுபக்கம் அருளப்பனின் வெறுங்கைக்கும் வழிகாட்டியிருக்கிறது.

அப்படியானால் வெண்ட் எதில் தவறினார்? அருளப்பன் வறுமையைத் தமக்கென்று தெரிந்துகொண்டார். வெண்ட் அதை பல ஆயிரம் கல் தொலைவிலிருந்து, நோயாளியான மற்றொருவருக்கு விதித்தார். தாம் கோப்பன்ஹேகனைவிட்டு அகலாமலே, அப்போஸ்தலர் வாழ்வைத் தரங்கம்பாடிக்கு ஆணையிட்டு அனுப்பினார். பிறருடைய பாதுகாப்பைப் பணயம் வைத்து நாம் காட்டும் நம்பிக்கைக்கு விசுவாசம் என்று பெயரிடலாமா என்பதில் நமக்குப் பெருத்த ஐயம் உண்டு.

இதை எழுதும்போது நம் கை சற்றுத் தயங்குகிறது. நாம் ஒரு கிராமச் சேகரத்தில் குருவாயிருந்த காலத்தில், முதிய உபதேசியார் ஒருவரைத் தொலைவிலுள்ள ஒரு சபைக்கு மாற்ற நேர்ந்தது. அங்கே வீடு இல்லை, மழைக்காலம், அவர் மனைவியோ நோயாளி. அவர் நம்மிடம் வந்து நின்றார். நாம், “கர்த்தரை நம்பிப் போங்கள், அவர் பார்த்துக்கொள்வார்” என்று கூறி ஜெபித்து அனுப்பினோம். அவர் “சரிங்க ஐயா” என்று சொல்லிப் போய்விட்டார். அவருடைய கீழ்ப்படிதலைப் பற்றி அடுத்த ஞாயிறு பிரசங்கமும் செய்தோம். அவ்வூரில் அவருக்கு ஒரு கூரை போட்டுக் கொடுக்கச் சபையாரைத் தூண்ட வேண்டியது யார் என்று நாம் அப்பொழுது நினைத்துப் பார்க்கவில்லை. வெண்ட்டின் கடிதங்களைப் பற்றிப் படிக்கும்தோறும் அவருடைய “சரிங்க ஐயா” நம் காதில் ஒலிக்கிறது.

இரண்டு உபதேசியார்கள்

சீகன்பால்கு மறைந்தபின் தரங்கம்பாடிச் சபையைச் சுற்றுப்புற நாட்டுக்குள் கொண்டுசென்றவர்கள் தமிழ் உபதேசியார்களே. தஞ்சை மன்னரின் ஆட்சிப் பகுதிக்குள் ஐரோப்பியர் எளிதில் நுழைய முடியாதிருந்த காலம் அது. அவ்வுபதேசியார்களுள் இருவரைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முதலாமவர் ஆரோன். கடலூரில் வேளாளர் குலத்தில் சைவக் குடும்பமொன்றில் பிறந்த ஆறுமுகம் என்பவரே இவர். கடலூரில் மிஷனெரிகள் நடத்திய பள்ளியின் வாயிலாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, 1718இல் சீகன்பால்குவின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். உபதேசியாராய் உண்மையுடன் உழைத்தார். 1733 டிசம்பர் 28ஆம் நாள் தரங்கம்பாடி எருசலேம் ஆலயத்தில் குருப்பட்டம் பெற்று, இந்தியருள் முதல் புராட்டஸ்டண்டு குரு ஆனார். 1745இல் இறைவனடி சேர்ந்தார். நம் வரலாற்று நூல்கள் இவரைப் போற்றுவது தகும்.

இரண்டாமவர் இராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர். ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தினர். பறையர் குலத்தில் பிறந்தவர். திருமறையைப் படிக்க வேண்டுமென்று ஏங்கிக்கொண்டிருந்த இவர் கையில், தரங்கம்பாடியில் அச்சிடப்பட்ட நான்கு சுவிசேஷங்களும் நடபடிகளும் அடங்கிய நூல் ஒன்று எப்படியோ வந்து சேர்ந்தது. ஆம், கடலும் பிரெஞ்சுப் படையும் விழுங்கத் தவறிய அப்பொறியில் 1714இல் அச்சான அதே நூல்தான். அதை இரவும் பகலும் வாசித்தார். தம் கையாலே படியெடுத்தார். அதை அச்சிட்டவர் அப்பொழுது மரித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மிஷனெரி எவரும் இவரைத் தேடிச் செல்லவில்லை. நூலின் சொல்லைக் கேட்டு இவரே தரங்கம்பாடியைத் தேடி வந்தார். வெண்ட்டின் திட்டம் முழுவதும் நிறைவேறியிருந்தால் அச்சகமும் இருந்திராது, இந்நூலும் இருந்திராது.

படைவேலையைத் துறந்து, தஞ்சைப் பகுதியில் உபதேசியாராய் அமர்ந்தார். எதிர்ப்பு கடுமையாயிருந்தது. இரு சபைகளும் ஒன்றையொன்று சத்துருவாகப் பார்த்த காலம். இதில் எத்தரப்பும் பெருமை பாராட்ட ஒன்றுமில்லை. இவருடைய குடும்பம் தாக்கப்பட்டது. தந்தையார் அதில் உயிரிழந்தார் என்று குறிப்புகள் கூறுகின்றன. இராஜநாயக்கன் தம் இடத்தைவிட்டு அகலவில்லை. படைவீரராயிருந்தவர் வாளை எடுக்கவுமில்லை.

1733இல் தமிழர் ஒருவருக்குக் குருப்பட்டம் அளிக்க மிஷனெரிகள் ஆலோசித்தபோது இராஜநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. உழைப்பில் அவர் குறைந்தவர் என்று எவரும் சொல்லவில்லை. அவருடைய பிறப்பே தடையாயிற்று. அவருடைய ஊழியத்தை மனமாரப் புகழ்ந்த மிஷனெரிகளே, அவர் கையால் நற்கருணை வழங்கப்படுமானால் உயர்குலத்துக் கிறிஸ்தவர்களிடையே அத்திருவிருந்தின் மதிப்புக் குறைந்துபோகும் என்று அஞ்சினர். 1741இல் இரண்டாவதாகக் குருப்பட்டம் பெற்றவர் தியோகு. அப்பொழுதும் இராஜநாயக்கன் இல்லை.

இவ்விடத்தில் இரு வழிகளில் தவறிவிட வாய்ப்புண்டு. இராஜநாயக்கனின் பொறுமையைப் புகழ்ந்து, ‘இதோ, கீழ்ப்படிதலின் மாதிரி’ என்று ஒடுக்கப்பட்டோருக்குக் காட்டி, அவர்களை அமைதியாயிருக்கச் சொல்வது ஒரு வழி. இதை நம் சபைகள் நீண்ட காலம் செய்து வந்திருக்கின்றன. இது அவருடைய விசுவாசத்தைக் களவாடி, அநீதி செய்தவர்களுக்குப் போர்வையாகப் போர்த்துவதாகும். மற்றொரு வழி, அவர் ஏமாற்றப்பட்ட அப்பாவி என்று இரங்குவது. இதுவும் அவருக்கு நியாயம் செய்வதன்று. மன்னரின் படையில் சேவித்தவருக்கு அதிகாரம் என்றால் என்னவென்று தெரியும். தம்மை ஒதுக்கியதன் காரணமும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் அவர் தம் ஊழியத்தைத் தொடர்ந்தார். குருப்பட்டம் கொடுத்தவர்களிடமிருந்தோ கொடுக்க மறுத்தவர்களிடமிருந்தோ அவர் தம் அழைப்பைப் பெறவில்லை. ஒரு நூலின் பக்கங்களில் அதைக் கேட்டார். அவர் கீழ்ப்படிந்தது அக்குரலுக்கே. மிஷனெரிகளின் அச்சத்திற்கு அவர் உடன்பட்டார் என்று சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

அன்று வகுப்பில் வினவிய மாணவர் இப்பொழுது ஒரு சேகரத்தில் குருவாக இருக்கிறார். அவருக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: அந்தத் தலைமுறையில் கீழ்ப்படியாதவர்கள் யார் என்று தேடினால் இராஜநாயக்கனிடம் போக வேண்டியதில்லை. பேதுரு கொர்நேலியுவின் வீட்டில் கண்டதை (அப்போஸ்தலர் நடபடிகள் 10) அச்சிட்டுக் கொடுத்தவர்களே, அதைக் கேளாமற்போனார்கள். அந்த அதிகாரம் இராஜநாயக்கன் தம் கையால் படியெடுத்த நூலிலே இருந்தது. அதனை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் என்ன எண்ணினார் என்பதை எழுதி வைக்கவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் தஞ்சை நாட்டில் ஊழியம் செய்தார். பின்னாளில் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு வந்தபோது அங்கே வெறும் நிலம் இருக்கவில்லை. கூடி ஜெபிக்கும் மக்கள் இருந்தனர். 1771இல் இராஜநாயக்கன் மரித்தார். அப்பொழுதும் அவர் உபதேசியாராகவே இருந்தார்.